பின்பக்கம் போன பந்துகள்

எங்கள் வீட்டில் "தெரியாது" என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்ததே இல்லை. யாரும் தடை போடவில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான். அப்பா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் சண்டைக்காலத்தில் ஊரோடு அகதியாகப் போய் அங்கே படுத்துக் கிடந்தபோது. குடும்பத்தில் முழுதாகப் படித்த முதல் ஆள் நான். ஆகவே ஏழு வயதிலிருந்து மொன்றியல் வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் என் கையில்தான் வந்து விழும். வருமான வரி, ஆஸ்பத்திரி, கட்டட நிர்வாகம். "இதில என்ன போட்டிருக்கு, புள்ள?" என்று அம்மா நீட்டுவார். தெரிந்த பிரெஞ்சுச் சொற்களை வாசிப்பேன். தெரியாத இடங்களைச் சொந்தமாக இட்டு நிரப்புவேன். (ஒருமுறை குழாய் திருத்த வேலை பற்றிய அறிவித்தலை வாசித்துவிட்டு, "தண்ணியில நஞ்சாம்" என்று சொன்னேன். மூன்று நாள் போத்தல் தண்ணீரில் சோறு சமைத்தோம். ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.)

இப்படி வளர்ந்த ஒரு பெண், புள்ளிவிவரவியலில் பட்டமும் வாங்கிவிட்டால் எப்படி இருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? அப்படித்தான் இருந்தேன். அந்தத் தலைக்கனத்தைப் பேஸ்போல் என்ற ஆட்டம் ஒரு வியாழக்கிழமை மதியம் பத்து நிமிடத்தில் உடைத்தது. தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் முதல் வேலை நகரத்தின் மேற்கே புவாண்ட்-கிளேரில், குழாய்ச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பனியில். அடுத்த மாதம் எந்தக் குழாய் எத்தனை தேவைப்படும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கதிரையில் இருந்து சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அம்மா கோவிலில் ஒருவரையும் மிச்சம் விடாமல் சொல்லி முடித்திருந்தார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதம் சோதனைக்காலம். மார்ச் முடிவில் சில்வி என்ற என் மேலாளர் என்னை வைத்திருப்பதா இல்லையா என்று முடிவு செய்வார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. (சொன்னால் அம்மா கோவிலில் போய் அதையும் சொல்வார்.)

மார்ச் மாதம் மொன்றியலில் வெளியே முழங்கால் வரைக்கும் பனி. எங்கள் மதிய உணவு அறைக்குள் மட்டும் வெயில். அதாவது, சுவரிலிருந்த தொலைக்காட்சியில் புளோரிடாவின் வெயில். பேஸ்போல் அணிகள் பருவம் தொடங்குமுன் அங்கே போய்ப் பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. இந்த நகரத்துக்கென்று ஓர் அணி இருந்து, இருபது வருடங்களுக்கு முன்னர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. மிஞ்சியவர்கள், நாட்டில் இருக்கும் ஒரே பெரிய அணியை அரைமனதோடு பார்க்கிறார்கள்.

அந்த அரைமனதுக்காரர்களில் மூத்தவர் மார்செல். கிடங்குப் பொறுப்பாளர், ஓய்வுக்கு நாலைந்து வருடம் இருந்தது. எதிர்க்கட்சி மத்தியூ, விற்பனைப் பிரிவு, என் வயது. அந்த மார்ச்சில் இருவருக்கும் ஒரே சண்டை: அணிக்குப் புதிதாக வந்திருந்த இருபத்தொரு வயது மட்டையாளன் ஒருவன் பயிற்சி ஆட்டங்களில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அவனை முதல் நாளிலிருந்தே பெரிய அணியில் இறக்குவதா, இன்னும் கொஞ்சக் காலம் கீழ்நிலை அணிக்கு அனுப்பிப் பழக்குவதா?

"அவன் தயார்!" என்று மத்தியூ மேசையைத் தட்டுவான். "கீழே அனுப்பினால் துருப்பிடித்துப் போவான்."

"ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு இரட்சகர் வருவார்," என்பார் மார்செல். "பனிக்குள் இருந்து பார்க்கும்போது எல்லாப் பையனும் தேவதூதன். இவன் அடிப்பது யாருடைய பந்தை? அணியிலிருந்து கழிக்கப்பட்டு, மே மாதம் நம்மிடம் குழாய் வாங்க வரப்போகிறவர்களின் பந்தை. வளைந்து வரும் பந்து ஒன்றைப் போடட்டும், அப்போது பார்ப்போம்." பிறகு தேவாலயப் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லித் திட்டுவார். (கியூபெக்கில் திட்டுவதென்றால் பூசைச் சாமான்களின் பெயரைத்தான் சொல்வார்கள். இவர்கள் எல்லாரும் பேசியது பிரெஞ்சில். தமிழில் எழுதும்போது மரியாதை கொஞ்சம் கூடிவிடுகிறது.)

நான் மூலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டு, எனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்தேன். அப்படியே இருந்திருக்க வேண்டும். மத்தியூ என் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு. இலக்கங்கள் உன் வேலைதானே. அவன் தயாரா?"

"அவளை ஏன் கேட்கிறாய்?" என்றார் மார்செல். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. "அவர்களுடைய ஆட்டம் கிரிக்கெட். நடுவில் தேநீர் குடிப்பார்கள்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர்களுடைய ஆட்டமாம்! நான் பிறந்தது இந்த நகரத்து ஆஸ்பத்திரியில். கிரிக்கெட்டை ஏளனம் செய்ததற்குக் கோபப்படுவதா, என்னை வெளியாளாக்கியதற்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

"வியாழக்கிழமை சொல்கிறேன்," என்றேன். "ஆதாரத்தோடு. ஒரு பகுப்பாய்வு செய்து காட்டுகிறேன்."

அறை சிரித்தது. அப்போதுதான் சாலட் பெட்டியோடு உள்ளே வந்த சில்வி சிரிக்கவில்லை. "நல்லது. நானும் வருகிறேன்," என்றார். "நீ ஆட்களுக்கு முன்னால் எப்படி விளக்குகிறாய் என்று பார்க்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த திங்கள் உன் மதிப்பீடும் வருகிறதே."

இப்படியாக, என் வேலை புளோரிடாவில் மட்டை வீசும் முன்பின் தெரியாத ஒருவனின் முதுகில் ஏறிக்கொண்டது.

நாங்கள் இருப்பது இல்-பிசார் தீவில். மற்றவர்களுக்கு அங்கே தனி வீடும் தோட்டமும். எங்களுக்கு அப்படி ஒரு வீட்டின் கீழ்த்தளம். சனிக்கிழமை மதியம் அப்பாவும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தோம். இலங்கை ஆடிய கிரிக்கெட் ஆட்டங்களை அப்பாவின் மடியிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். பந்து, மட்டை, அடி, ஓட்டம். இதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது? விதிமுறைகளை ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வாசிக்கவில்லை. வாசிப்பது தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

என் திட்டம் எளிமையானது. அந்தப் புதுமுகம் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் எந்தத் திசையில் போகிறது என்று குறித்து, கிரிக்கெட்டில் போடுவதுபோலச் சக்கர வரைபடம் ஒன்று போடுவது: நடுவில் மட்டையாளன், அவனிலிருந்து நாலாபக்கமும் கோடுகள்.

அம்மா பக்கத்தில் இருந்து திருகோணமலைச் சித்தியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். சித்திக்குக் கேட்கவில்லை என்பதற்காகத் தொலைக்காட்சியின் சத்தம் அடியோடு அணைக்கப்பட்டது. ஆகவே, வர்ணனையாளர்கள் இருவர் மூன்று மணிநேரம் பிரெஞ்சில் எடுத்துச் சொன்ன உண்மை எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை.

மூன்றாவது பந்தில் புதுமுகம் மட்டையை வீசினான். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, அவன் தலைக்கு மேலே போய், பின்னால் இருந்த கூட்டத்துக்குள் விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"சிக்ஸர்!" என்றார் அப்பா.

நானும் பார்த்தேன். சிக்ஸர்தான். உலகத்தில் எந்த நடுவர் வேறு எதற்கு இரண்டு கையையும் தூக்குவார்?

"பின்னுக்கு அடிச்சிருக்கான் பாரு, புள்ள," என்றார் அப்பா. "முன்னுக்கு எவனும் அடிப்பான். இது லேசில்ல. கலை."

"ஆனா அவன் ஓடேல்லையே, அப்பா?"

"சிக்ஸர் போனா ஏன் ஓடுவான்? விசரனா?"

நியாயம்தான். "ஸ்கோரும் ஏறேல்ல."

"பயிற்சி ஆட்டம்தானே. முழுக் கணக்கும் வைக்க மாட்டாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போதாக்குறைக்கு, கூட்டத்தில் பந்தைப் பிடித்த மனிதர் துள்ளிக் குதித்தார், சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கணக்கில் சேராத ஒரு பந்துக்கு யாராவது கைதட்டுவார்களா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இப்படி மூன்று ஆட்டங்கள் பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் அம்மாவும் தொலைபேசியை வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். "இந்தத் தம்பி நல்லா விளையாடினாத்தான் உனக்கு அங்க நல்ல பேரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அடுத்த நாள் கோவிலுக்குப் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். (ஐயர் நட்சத்திரம் கேட்டாராம். "தூரத்துச் சொந்தம், தெரியாது" என்றாராம் அம்மா. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சுலபமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.)

வரைபடத்தைப் பெரிய தாளில் வர்ணத்தில் அச்சடித்தேன். பின்பக்கம் போன பந்துகள் சிவப்பு, முன்பக்கம் போனவை நீலம். பாதிக்கு மேல் சிவப்பு. பார்க்க மயில் தோகை விரித்ததுபோல இருந்தது. பனியில் நனையாமலிருக்க அதைக் குப்பைப் பையில் சுற்றி, தீவிலிருந்து வரும் ஒரே பேருந்தைத் துரத்திப் பிடித்து, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வியாழன் மதியம் உணவு அறையில் ஏழெட்டுப் பேர். முன்வரிசையில் சாலட்டோடு சில்வி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரைபடத்தை ஒட்டினேன்.

"இவன் தயார்," என்று தொடங்கினேன். மத்தியூ கைதட்டினான். "காரணம், இந்த அணியில் வேறு எவரிடமும் இல்லாத திறமை இவனிடம் இருக்கிறது. இந்தச் சிவப்புக் கோடுகளைப் பாருங்கள். இவனுடைய பலம் பின்பக்கம்."

மத்தியூவின் கைகள் பாதி வழியில் நின்றன.

நான் அதைக் கவனிக்கவில்லை. வசனத்தை மனப்பாடம் செய்திருந்தேன். "பின்பக்கத்தில் பந்தைப் பிடிப்பவர் ஒருவரைத் தவிர, எதிரணி யாரையும் நிறுத்துவதே இல்லை. இவ்வளவு பெரிய இடம் காவலில்லாமல் கிடக்கிறது. அதை இவன் கண்டுபிடித்திருக்கிறான். இத்தனை வருடமாக இதை வேறு யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது."

யாருடைய சூப்போ நுண்ணலை அடுப்பில் சூடாகி முடிந்து, மூன்று தடவை 'பீப்' என்றது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"மத்மசெல்," என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைத்தார் மார்செல், மெதுவாக. அந்த மெதுவைத்தான் என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை. "அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தீர்கள்?"

"அதிகபட்ச மதிப்பு. நடுவரே இரண்டு கையையும் உயர்த்தினார்."

மார்செல் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்து வந்து, கெச்சப் போத்தலை மேசை ஓரத்தில் நிறுத்தி, இரண்டு முள்ளுக்கரண்டிகளை அதிலிருந்து விரித்து வைத்தார். "மட்டையாளன் இங்கே. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் அடி. வெளியே போனால், பின்னால் போனால், ஃபவுல். செல்லாது. நடுவர் கையைத் தூக்குவது அதைச் சொல்லத்தான். நீங்கள் காட்டியிருப்பது..." அவர் வரைபடத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். "பையன் மட்டையை வீசப் பிந்துகிறான் என்பதை. அவன் ஏன் தயாரில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை."

இந்த இடத்தில் "மன்னிக்கவும், எனக்கு இந்த ஆட்டம் தெரியாது" என்று சொல்லியிருந்தால், எல்லாரும் சிரித்திருப்போம். கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் யார்? ஏழு வயதில் தண்ணீரில் நஞ்சு கலந்தவள்!

"அப்படியென்றால் அந்த விதி பிழை," என்றேன்.

சில்வி மெல்லுவதை நிறுத்தினார்.

"பந்து கூட்டத்துக்குள் விழுகிறது. சனம் கைதட்டுகிறது. இதற்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன ஆட்டம்? மைதானம் வட்டமாக இருக்கும்போது கால்வாசியை மட்டும் எண்ணுவதற்கு என்ன காரணம்? பயிற்சி ஆட்டங்களுக்கு வேறு விதி இருக்கலாம், நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம்." இதை நான் நாற்பது வருடமாகப் பேஸ்போல் பார்க்கும் ஒரு மனிதரிடம் சொன்னேன். பத்து நிமிடம் சொன்னேன். நடுவில் என் குரல் உடைந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. மத்தியூ தலையில் கைவைத்தபடி, "தயவுசெய்து என் பக்கம் பேசாதே," என்றான்.

திங்கட்கிழமை சில்வி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உன் வேலை நன்றாக இருக்கிறது," என்றார். "பேஸ்போல் தெரியாதது ஒரு குற்றமில்லை. ஆனால் மூன்று மாதத்தில் 'எனக்குத் தெரியாது' என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நாளைக்கு ஒரு குழாய்க் கணக்கில் இப்படிச் செய்தால்?" வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமும் இல்லை. சோதனைக்காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டப்பட்டது.

அன்று பின்னேரம் பேருந்தில் செய்தியைத் திறந்தால், புதுமுகத்தைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும். அவனுக்காவது கீழ்நிலை அணி வெயில் உள்ள ஊரில் இருந்தது.

வீட்டில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சோதனைக்காலம், சிவப்புக்கோடு, கெச்சப் போத்தல். அம்மா என் தலையைத் தடவினார். அப்பா எழுந்து நின்றார். வேலைக்காகத்தான் கோபப்படுகிறார் என்று நினைத்தேன்.

"பந்து சனத்துக்குள்ள விழுந்தும் கணக்கில்லையா?" என்றார். "இது என்ன ஞாயம், புள்ள? அந்த மார்செலைக் கூப்பிடு, நான் கதைக்கிறன்."

வரைபடத்தை அலுவலகத்தில் விட்டுவைத்தால் சாட்சியாகிவிடும் என்று சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன். உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். இரண்டு வாரம் கழித்து வேலையால் வந்து பார்க்கிறேன், கூடத்தில் என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மயில்தோகை தொங்குகிறது.

"அம்மா! அது பிழையான படம். கழட்டுங்க."

"பிழையோ சரியோ, நீ கீறினதுதானே. வடிவா இருக்கு, இருக்கட்டும்."

ஏப்ரலில் ஒருநாள் கடைசிப் பனி கொட்டி, தீவுக்குப் போகும் பேருந்து வரவே இல்லை. மார்செல் தன் காரில் கொண்டுவந்து விட்டார். வாசலோடு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அம்மா விடுவாரா? வீடு வரைக்கும் வந்த மனிதர் சாப்பிடாமல் போவதா? சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மார்செல், கூடத்தில் நின்றார். சட்டத்துக்கு முன்னால் குனிந்து, சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். பூமி பிளக்கவில்லை, பிளந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

"இந்த விதிப்படி எண்ணியிருந்தால்," என்றார் கடைசியில், திரும்பாமலே, "எங்கள் அணி இந்த நகரத்தை விட்டுப் போயிருக்காது."

ஜூன் முடிவில் எனக்கு வேலை நிரந்தரமானது. புதுமுகத்தைப் பெரிய அணிக்குக் கூப்பிட்டது ஜூலையில்தான். (யார் முந்தினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) இப்போதும் எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால், அப்பா பேருந்தை விட்டால், யார் எதைச் சொதப்பினாலும் அதற்குப் பெயர் 'பின்பக்கத்துச் சிக்ஸர்'தான். என்னைக் கேலி செய்யத்தான் சொல்கிறார்கள். அப்பா மட்டும் அதைப் பாராட்டாகச் சொல்கிறார்.

மார்செல் அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க வருகிறார். அப்பாவிடம் இருப்பது பன்னிரண்டு பிரெஞ்சுச் சொற்கள். சண்டை பிடிக்க அது தாராளம். இந்த வருடமும் ஒரு புதுமுகம். இவன் பந்து வீசுபவன். தயாரில்லை, கீழே அனுப்ப வேண்டும் என்றார் மார்செல். தயார், தயார் என்றார் அப்பா. வாக்குவாதம் முற்றி, நண்டுக் கறி ஆறிப்போய், கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் மூச்சை இழுத்தேன். "எனக்குத் தெரியாது," என்றேன். பிரெஞ்சில் ஒரு தடவை. அப்பாவுக்காகத் தமிழில் ஒரு தடவை.

மார்செல் பெருமையோடு தலையாட்டினார். அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அகப்பையும் கையுமாக அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியும்," என்றார். "சொல்லமாட்டாளாம்."